மயில்துத்தமும் மாமாவின் அரிவாளும்

மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். ஒரு ரிலீஸ், அதுல ஒரு பக், அதுக்கு ஒரு பேட்ச், அந்த பேட்ச்சால இன்னொரு பக். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. யாரும் தேடின மாதிரியும் தெரியல, சரி விடுங்க :)

இன்னைக்குக் கதை ஒரு ரோஜாச் செடியில் ஆரம்பிச்சு பிரான்ஸுக்குப் போய்த் திரும்பி வரும். கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

போன கார்த்திகைக்கு அம்மா கம்பத்துல இருந்து வரும்போது ஒரு பன்னீர் ரோஜாப் பதியனை மடியிலயே வச்சு பஸ்ஸில் கொண்டுவந்தாங்க. பாட்டி வீட்டுக் கொல்லையில் இருந்த செடியோட வாரிசு. பாட்டியும் இல்லை, அந்தக் கொல்லையும் இப்போ இல்லை. பெங்களூர்ல மூணாவது மாடி பால்கனியில் அது நல்லாத்தான் வந்தது. மார்கழிக் குளிர் ஆரம்பிச்சதும் கொழுந்து, மொட்டுக் காம்பு எல்லாம் யாரோ விபூதி பூசிவிட்ட மாதிரி வெள்ளை. சாம்பல் நோய்.

கடை மருந்து வேண்டாம், 'இயற்கை'யா ஏதாவது பண்ணுவோம்னு முடிவெடுத்தேன். சமையல் சோடா ரெண்டு கரண்டி, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு பீச்சு, அரை லிட்டர் தண்ணி. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, செடி சொட்டச் சொட்ட அடிச்சேன். சோடா மாவு தானே, பஜ்ஜில போடுறது தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு ஒரு தைரியம். திங்கட்கிழமை பார்த்தா இலை ஓரமெல்லாம் பொசுங்கி, பாதிச் செடி காலி. அம்மா ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

கம்பத்தில் மாமாவுக்குப் போன் போட்டேன். ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் வச்சிருக்கார். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார்.

"என்னா மாப்ள, மருந்து அடிச்சியா, மாவு கரைச்சு ஊத்துனியா?"

"சோடா மாவுதானே மாமா. நாம திங்கிறது தானே."

"உப்பும்தான் திங்கிறோம். ஒரு கிலோ அள்ளி வேர்ல கொட்டிப் பாரு. அளவு பாத்தியா? வெயில் தாழ அடிச்சியா? மொதல்ல ஒரு இலையில அடிச்சுப் பாத்தியா?"

மூணு கேள்விக்கும் பதில் 'இல்லை'. ப்ரொடக்‌ஷன் சர்வரில் டெஸ்ட் பண்ணாம கோடு ஏத்துறவனை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "நாங்க மயில்துத்தம் கலக்கும்போது அரிவாள விட்டுப் பாப்போம்ல, நீ சின்னப் புள்ளையில பாத்திருக்க. அரிவாள் செவந்துச்சுன்னா இலை பொசுங்கும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊத்தணும்." ஞாபகம் இருந்தது. நீல நிறத்துல ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம், அதைத் தொடக்கூடாதுன்னு எங்களுக்கு விழுந்த அதட்டல், தேய்ச்சுப் பளபளன்னு வச்ச அரிவாள். ஏன் அரிவாள்னு கேட்டேன். "எங்கப்பா பாத்தாரு, நானும் பாக்குறேன். ஏன்னு நீதான் இஞ்சினியரு, சொல்லேன்" என்றார். தேடிக்கிட்டே போனதில் 1845-ல் இங்கிலாந்தில் போய் நின்றேன்.

அந்த வருஷம் மார்கேட் என்ற கடலோர ஊரில் எட்வர்ட் டக்கர் என்கிற தோட்டக்காரர், தான் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி வீட்டுத் திராட்சைக் கொடியில் வெள்ளைப் பொடி படர்வதைக் கவனித்தார். பீச் மரத்தில் வரும் சாம்பல் நோய் மாதிரியே இருந்தது. பீச்சுக்குக் கந்தகம் போட்டால் கேட்கும் என்பது அந்தக் காலத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். 1820களிலேயே ஜான் ராபர்ட்சன் என்பவர் கந்தகத்தையும் சோப்பையும் கலந்து அடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். டக்கரும் கந்தகத்தோடு சுண்ணாம்பு சேர்த்து அடித்தார். கேட்டது. பெர்க்லி என்கிற பாதிரியார், பூஞ்சை ஆராய்ச்சியில் பெரிய ஆள், 1847-ல் அந்தப் பூஞ்சைக்கு 'ஒய்டியம் டக்கெரி' என்று பெயர் வைத்தார். மருந்து கண்டுபிடிச்சவர் பேரை எடுத்து நோய்க்கு வச்சுட்டாங்க பாருங்க. பக்கைச் சரி பண்ணவன் பேர்லயே பக் ஐடி போட்ட கதை.

இந்தப் பூஞ்சை வட அமெரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கொடிகளுக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை. கடலைத் தாண்டி பிரான்ஸுக்குப் போய், 1854-ல் நாட்டின் திராட்சை ரச உற்பத்தி வழக்கமானதில் கால்வாசி அளவுக்கு விழுந்தது. மதேரா தீவில் தோட்டங்கள் அழிந்து ஜனங்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் இருந்த க்ரிசோன் என்பவர் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கொதிக்க வைத்து, தெளிய விட்டு, பல மடங்கு நீர் சேர்த்துத் தெளித்தார். அவர் பெயராலேயே 'க்ரிசோன் தண்ணீர்' என்று பரவியது. மோன்பெலியே பக்கம் ஆன்ரி மாரேஸ் என்பவர், கொதிக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், கந்தகத் தூளை அப்படியே தூவினாலே போதும் என்று பிரபலப்படுத்தினார்.

போதும்தான். ஆனா கந்தகத் தூள் கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் எரியும்! அறுவடைக்குப் பக்கத்தில் தூவினால் திராட்சை ரசத்தில் அழுகின முட்டை நாற்றம் வேற. கடும் வெயிலில், 32 டிகிரிக்கு மேல் என்று வச்சுக்கங்க, கந்தகம் இலையையே சுட்டுவிடும். வெர்சாய்க்காரர்களுக்குச் சரி, நம்மூர் சித்திரையில் யாராவது இதை அடிச்சா நோயே மேல்னு ஆகிடும். எண்ணெய் கலந்த தெளிப்பு எதையும் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ளயும் கந்தகம் கூடாது. கொதிக்க வச்ச கந்தகச் சுண்ணாம்பில் வினிகர், எலுமிச்சை மாதிரி எந்தப் புளிப்புப் பொருளையும் கலந்துடாதீங்க. அதுல கிளம்புற வாயு நாற்றத்தோட நிக்காது, மூடின இடத்தில் ஆளையே கொல்லும்.

அடுத்த பேட்ச்சுக்கு வருவோம். ஒய்டியம் அடங்கிய கொஞ்ச காலத்தில் ஃபைலாக்செரா என்ற வேர்ப் பூச்சி வந்து பிரான்ஸின் கொடிகளைச் சாய்த்தது. அதற்குத் தீர்வு, அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்து அவற்றின் வேரில் ஒட்டுக் கட்டுவது. அந்த அமெரிக்கக் கொடிகளோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு விருந்தாளியும் வந்தது: அடிச்சாம்பல் நோய். பிரான்ஸில் அதை முதலில் பார்த்தது 1878-ல். ஒரு பக்கைச் சரி பண்ணப்போய் இன்னொண்ணு. நான் மூணு வாரமா ஆபீஸ்ல பண்ணினதும் இதேதான்.

பெயர்தான் ரெண்டுக்கும் ஒரே மாதிரி. ஆசாமிகள் வேற வேற. சாம்பல் நோய் இலைக்கு மேலே உட்கார்ந்து பொடி பூசும், வித்து முளைக்கத் தண்ணீர்கூடத் தேவையில்லை, கந்தகத்துக்குப் பயப்படும். அடிச்சாம்பல் இலைக்கு உள்ளே நுழைந்து குடியிருக்கும். வித்து நுழைய ஈரம் வேண்டும். மேலே எண்ணெய்க் கறை மாதிரி மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு. கந்தகத்தை அது சட்டை செய்யவே இல்லை. இருபத்தைந்து வருஷமாகக் கந்தகத்தை நம்பியிருந்த விவசாயிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

போர்தோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் அலெக்சிஸ் மில்லார்தே. அமெரிக்கக் கொடிகளை ஆராய்ந்தவர்களில் அவரும் முக்கியமானவர். 1882 அக்டோபர் கடைசியில் மெடோக் பகுதியில் சான் ஜூலியன் ஊர்ப் பக்கம் நடந்து போகிறார். தோட்டமெல்லாம் நோயில் இலை உதிர்ந்து கிடக்கிறது. ஆனால் சாலையோரமாக இருந்த சில வரிசைகள் மட்டும் பச்சைப் பசேல். கிட்டப் போய்ப் பார்த்தால் இலைமேல் நீலமும் வெள்ளையுமாக ஏதோ பூசியிருக்கிறது. பொகாயூ தோட்டம் அது. மேலாளர் எர்னெஸ்ட் தாவிதிடம் கேட்டார். வந்த பதில், "திருட்டுப் பசங்களுக்காகப் போட்டது."

சாலையில் போகிறவர்கள் திராட்சையைப் பறித்துத் தின்றுவிடுவார்களாம். அதனால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஓரத்துக் கொடிகளில் தெளித்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பார்த்தால் விஷம் மாதிரி இருக்கும், எவனும் கைவைக்க மாட்டான். நம்மூரில் வெள்ளரித் தோட்டத்தில் சோளக்கொல்லை பொம்மை நிறுத்துற மாதிரிதான். உலகத்தின் மிகப் பிரபலமான பயிர் மருந்து, 'இது விஷம்' என்று பயமுறுத்துவதற்காக முதலில் பூசப்பட்டது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இன்றைக்கு அதையே 'இயற்கை மருந்து' என்று நாம் கூச்சமில்லாமல் கூப்பிடுகிறோம்!

மில்லார்தே அதோடு நிற்கவில்லை. யூலிஸ் கயோன் என்ற வேதியியல் பேராசிரியரைச் சேர்த்துக்கொண்டு 1883 முதல் சோதனைகள் செய்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ மயில்துத்தம். தனியாக 30 லிட்டரில் 15 கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் சேர்த்தால் நீலப் பசை. வாளியில் எடுத்து, சின்ன விளக்குமாறால் இலைமேல் உதறினார்கள். இதுதான் போர்தோ கலவை, நம்ம வேளாண் அதிகாரிகள் 'போர்டோ கலவை' என்பது.

செம்பு பூஞ்சையைக் கொல்லும் என்பது அப்போது புதுசா என்றால், இல்லை. 1807-லேயே பெனடிக்ட் ப்ரெவோ என்பவர் செம்புக் கலத்தில் வடித்த நீரில் கோதுமை நோயின் வித்துகள் முளைக்கவில்லை என்று கண்டு எழுதிவிட்டார். பெரிசா யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் இதில் புதுசு என்ன? சுண்ணாம்புதான்.

இங்கேதான் மாமாவின் அரிவாள் வருகிறது. வெறும் மயில்துத்தக் கரைசலை இலையில் அடித்தால், அதில் சுதந்திரமாகத் திரியும் செம்பு பூஞ்சையையும் கொல்லும், இலையையும் பொசுக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் செம்பு கரையாத நீலப் படிவமாக மாறி இலையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பனியிலும் மழையிலும் துளித்துளியாகக் கரைந்து, வித்தைக் கொல்லும் அளவுக்கு மட்டும் வெளியே வரும். சுண்ணாம்பு குறைந்துபோனால் மிச்சச் செம்பு கரைசலிலேயே திரியும். அதில் பளபளப்பான இரும்பை விட்டால் இரும்பு கரைந்து, அந்த இடத்தில் செம்பு படியும். அரிவாள் சிவக்கும். ப்ளஸ் டூ லேபில் மயில்துத்தக் கரைசலில் ஆணியைப் போட்டுப் பார்த்தோமே, அதேதான். நான் அதற்கு ரெண்டு மார்க் வாங்கினேன். மாமா அதை வச்சு நாப்பது வருஷமா தோட்டத்தைக் காப்பாத்துறார்.

எட்டாங்கிளாஸோட படிப்பை நிறுத்தினவர்னு அம்மா அவரைப் பத்திச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் இளக்காரமா கேட்டுக்கிட்டிருந்தவன் நான். அதையும் இங்கே எழுதிடறேன்.

மில்லார்தேயின் முதல் அளவு ரொம்ப அதிகம். சில வருஷங்களிலேயே அவர்களே குறைத்தார்கள். இப்போது பரிந்துரைப்பது 1 சதவீதம்: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர். வீட்டுத் தொட்டிக்கென்றால் லிட்டருக்குப் பத்துப் பத்து கிராம். இரும்பு வாளி ஆகாது, அரித்துவிடும், பிளாஸ்டிக்கோ மண்பானையோதான். சுட்ட சுண்ணாம்பை நீர்க்கும்போது கொதித்துத் தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கிற வேலையே கூடாது, அந்த நீலம் குழந்தைகளை இழுக்கிற நீலம்.

பிரான்ஸில் இன்னொரு கேள்வியும் எழுந்தது: செம்பு தெளித்த திராட்சையில் செய்த ரசத்தைக் குடிக்கலாமா? கயோன் சோதித்துப் பார்த்தார். நொதிக்கும்போதே செம்பின் பெரும்பகுதி வண்டலோடு கீழே போய்விடுகிறது, ரசத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். குடிப்பவர்களுக்கு நிம்மதி. தெளிக்கிறவனைப் பற்றிய கேள்வி வருவதற்கு மட்டும் இன்னும் எண்பது வருஷம் ஆனது. எனக்கு இதில் உறுத்துவது இதுதான்.

அதற்குள் இந்த நீல மருந்து நம்ம பக்கமும் வந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரர், பாக்கு மரத்தை அழித்த கொளெரோகம் என்ற நோயை ஆராய்ந்து 1910-ல் எழுதினார். அதுவரை மலைநாட்டு விவசாயிகள் மழைக்கு முன் மரமேறிப் பாக்குக் குலைகளுக்கு ஓலையால் குல்லா கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல்மன் போர்டோ கலவையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் மழைக்காலத்துக்கு முன் பாக்குத் தோட்டத்தில் அடிப்பது அதுதான். கம்பத்துப் பன்னீர் திராட்சையையே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக பழமும் பிரான்ஸ் வழி, மருந்தும் பிரான்ஸ் வழி.

1969-ல் போர்ச்சுகலில் பிமென்டெல், மார்க்கெஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருஷக்கணக்காக முதுகில் டாங்க்கைச் சுமந்து திராட்சைக்குப் போர்டோ கலவை அடித்த தொழிலாளர்களின் நுரையீரலில் முடிச்சு முடிச்சாகப் புண்கள், அவற்றுக்குள் செம்பு. அதே கலவையைக் கினி எலிகளைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் அதே புண்கள். 'திராட்சைக்கு மருந்தடிப்பவர் நுரையீரல்' என்றே அந்த நோய்க்குப் பெயர். இலையில் நீலமாகப் படிந்த அதே பொருள்தான்.

இதைப் படிச்சது ராத்திரி பதினொண்ணரை இருக்கும். மாமா அடிக்கிறது கண்ணுல வந்துது. பிரான்ஸில் கொடி இடுப்பு உயரம். நம்ம கம்பத்தில் அது தலைக்கு மேலே பந்தல். கீழே நின்னுக்கிட்டு அண்ணாந்து அடிக்கணும். அடிச்சதுல பாதி அடிக்கிறவன் தலையிலயே சொட்டும். மாமா வாயைச் சுத்தி ஒரு துண்டு, அவ்வளவுதான். அதுவும் கொஞ்ச நேரத்துல நனைஞ்சு நீலமாயிடும்.

மண்ணுக்கும் இதே கதைதான். செம்பு எங்கும் போகாது, அழுகாது, ஆவியாகாது. நூறு வருஷத்துக்கு மேல் தெளித்த போர்தோவின் சில பழைய தோட்டங்களில் கிலோ மண்ணுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் செம்பு சேர்ந்துவிட்டது. திராட்சையைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்தால் நாற்று வெளுத்துக் குன்றிப்போகிறது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்புதான் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள், இயற்கை விவசாயத்துக்கும் சேர்த்து.

என் சோடா மாவுக்கு வரேன். அதுவும் சும்மா பாட்டி வைத்தியம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹார்ஸ்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1992-ல் ரோஜாவிலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். அளவு லிட்டருக்குச் சுமார் 5 கிராம், கூடவே தோட்டத்துக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெய் 1 சதவீதம். நான் போட்டது அதைப்போல பத்து மடங்குக்கு மேல், மத்தியான வெயிலில், எண்ணெய்க்குப் பதில் இலையின் மெழுகையே கழுவிவிடுகிற பாத்திர சோப்போடு. பொசுங்காம என்ன செய்யும்? சோடாவில் இருக்கும் சோடியம் தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பது தனிக் கணக்கு.

1999-ல் பிரேசிலில் பெட்டியோல் என்பவர் பசும்பாலை அடித்துப் பார்த்தார். சுக்கினிச் செடியின் சாம்பல் நோய்க்கு ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் இருமுறை. நன்றாகவே கேட்டிருக்கிறது. 30 சதவீதத்துக்கு மேல் போனால் இலையில் வேறொரு பூஞ்சை வளர்ந்ததாம், செடிக்குத் தொந்தரவில்லாத வகை. எனக்கு இது பிடித்திருந்தது. தப்பாப் போனால் நாற்றம் அடிக்கும், அதோடு முடிந்தது.

இன்னும் எளிசு ஒன்று இருக்கிறது. சாம்பல் நோயின் வித்துக்குத் தண்ணீர் ஆகாது. காலையில் வெறும் தண்ணியைக் கொஞ்சம் வேகமா பீச்சிக் கழுவிவிட்டாலே ஆரம்ப நிலையில் பாதி குறையும். சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. நான் இப்போ அதைத்தான் பண்றேன். பொசுங்கின கிளையெல்லாம் வெட்டி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டாச்சு. பால் ஒரு இலையில மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பார்த்துட்டு, அப்புறம்தான் மிச்சத்துக்கு. மாமாவோட மூணாவது கேள்வி.

மாமாவுக்கு வடிகட்டி வச்ச ஒரு முகமூடி, கண்ணாடி, ரப்பர் கையுறை வாங்கி கூரியரில் அனுப்பிச்சேன். போன வாரம் போன் பண்ணார்.

"மாப்ள, இதப் போட்டுக்கிட்டு பந்தலுக்குக் கீழ நின்னா பத்து நிமிசத்துல கண்ணாடி பூரா வேர்வை. கொடியும் தெரியல, கொலையும் தெரியல."

"கண்ணாடிய வேணா மாத்தி அனுப்புறேன் மாமா. மாஸ்க்க கழட்டாதீங்க."

"இருமல் இருக்கு, இல்லங்கல. அது பீடிக்கு."

"பீடியையும்..."

"அத உங்க அத்தை பாத்துக்குவா. நீ செடியப் பாரு. என்னாச்சு?"

வெட்டின இடத்துக்குக் கீழே ரெண்டு கண்ணு சிவப்பா முட்டிக்கிட்டு வந்திருக்குன்னு சொன்னேன். அம்மா பக்கத்துல இருந்து, "மூணு"ன்னாங்க.